ப்ரோபாக்ஸோடு 6 ஆண்டுகள்: ஒரு லிட்டர் ஆயில் கூடிப்போன கதை

ரங்கூனில் டொயோட்டா ப்ரோபாக்ஸ் வண்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தெருவில் இறங்கினால் வந்து நிற்கும் டாக்ஸியே அதுதான். என்னுடையது 2009 மாடல், 1500 சிசி, 4 கியர் ஆட்டோமேட்டிக். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்த வண்டி. இன்றைக்கும் சாவியைத் திருப்பியதும் உள்ளிருந்து ஒரு ஜப்பான்காரப் பெண், டோல் கார்டு செருகவில்லை என்று பணிவாக நினைவூட்டுவாள். 6 வருடமாகச் சொல்கிறாள், பாவம்.

இரண்டு பேர் உட்கார்ந்தால் 400 கிலோ ஏற்றலாம் என்பது கம்பெனிக் கணக்கு. உளுந்து மூட்டையும் கல்யாணச் சமையல் பாத்திரமும் ஏற்றுகிற நான் அந்தக் கணக்கை ரொம்ப மதித்ததில்லை. ஏசி, சஸ்பென்ஷன், பெட்ரோல் செலவு எதிலும் குறை சொல்ல மாட்டேன். ஒரே தொல்லை, 1970லிருந்து வலப்பக்கம் ஓட்டுகிற நாட்டில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருப்பது. லாரியை முந்த வேண்டுமென்றால் இடப்பக்கம் இருக்கும் என் மனைவிதான் எட்டிப் பார்த்து "ம், போங்க" என்று சொல்ல வேண்டும். அவள் தூங்கிவிட்டால் பெகு ஊர் வரைக்கும் லாரியின் பின்னாலேயேதான்.

அந்தப் பெகு பயணத்தில்தான் கியர்பாக்ஸ் வேலையைக் காட்டியது.

பத்து நாள் முன்பு ஒரு பட்டறையில் கியர் ஆயில் மாற்றியிருந்தேன். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. 80 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் விரட்டிப் போய்ப் பெகுவுக்குள் நுழைந்ததும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் வீறிட்டது, வண்டி நகரவில்லை. சிக்னலில் நின்று மறுபடி டி-யில் (ஓட்டும் கியர்) போட்டால் ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் 'டக்'கென்று பிடித்தது. பானட்டுக்கு அடியிலிருந்து கருகல் வாடை. உறவுக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தி எழுந்தால், சிமென்ட் தரையில் சிவப்பாக நான்கைந்து சொட்டு.

சிவப்புச் சொட்டு, வழுக்கும் கியர். யாராக இருந்தாலும் ஆயில் ஒழுகிக் குறைந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். மச்சானும் அதையே சொன்னான். கடையில் அரை லிட்டர் வாங்கி மூடியைக்கூடத் திருகிவிட்டேன். பக்கத்துத் தெரு மெக்கானிக் ஸயா (பர்மியத்தில் 'வாத்தியார்') வந்து கையைப் பிடிக்காவிட்டால் ஊற்றியிருப்பேன். "முதலில் குச்சியைப் பார்" என்றார், கியர் ஆயில் அளவு காட்டும் குச்சியை.

குச்சி பார்ப்பதில்தான் நிறையப் பேர் தப்புப் பண்ணுகிறோம். எஞ்சின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது. சமதரையில் நிறுத்தி, ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, கைப்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து (பார்க்கிங்) எல் (லோ கியர்) வரை எல்லா கியரையும் தொட்டுவிட்டு மறுபடி பி-க்கு வந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவ வேண்டும். துடைத்து, முழுக்க இறக்கி, மறுபடி உருவிப் படிக்க வேண்டும். குழாயின் உள்சுவரில் ஒட்டிய ஆயில் குச்சியில் தடவி ஏமாற்றும். இரண்டு பக்கத்திலும் வெவ்வேறு அளவு தெரிந்தால் கீழே இருப்பதுதான் சரி.

குச்சியில் இரண்டு அடையாளம் உண்டு, குளிருக்கு ஒன்று, சூட்டுக்கு ஒன்று. என்னுடையதில் சூட்டுக் கோட்டுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. அதைவிட அதன் தோற்றம்தான் விஷயம். தெளிந்த சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், ஃபலூடாவின் மேல்நுரை மாதிரி இளஞ்சிவப்பாக, பொடிப்பொடிக் குமிழோடு குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஸீ மியாடெ" என்றார் ஸயா, பர்மியத்தில். எண்ணெய் அதிகம்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலின் அழுத்தம்தான் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும். ஆயில் குறைந்தால் அதை அழுத்தி அனுப்பும் பம்பு காற்றை உறிஞ்சும். கூடினாலோ, சுழல்கிற பல்சக்கரங்கள் ஆயிலுக்குள் முங்கி மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். இரண்டிலும் பம்புக்குள் போவது காற்று கலந்த ஆயில். அதை அழுத்தினால் காற்று சுருங்கிக்கொள்ளும், அழுத்தம் ஏறாது. கிளட்ச் தட்டுகள் இறுகாமல் வழுக்கும், சூடேறும். அதனால்தான் இரண்டு நோய்க்கும் ஒரே அடையாளம். பொங்கிய நுரை, மேலே இருக்கும் காற்றுத்துளை வழியாக வெளியே தள்ளப்பட்டிருக்கிறது. அதில் கொஞ்சம் சூடான புகைக்குழாயில் பட்டுக் கருகியது, மீதி தரையில் சொட்டியது. ஊருக்குள் மெதுவாக ஓட்டியதில் கடைசல் குறைவு, அதனால் பத்து நாள் தெரியாமல் போயிற்று.

கூடியது எப்படி என்பதும் விளங்கியது. அடித்திருகைக் கழற்றினால் 3 லிட்டர் அளவுக்குத்தான் வடியும், மிச்சம் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளேயே (எஞ்சின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) தங்கிவிடும். பட்டறையில் 4 லிட்டர் டின்னைத் திறந்தவர்கள் டின் காலியாகும் வரை ஊற்றியிருக்கிறார்கள். அன்றைக்கு நான் டீ குடிக்கப் போயிருந்தேன், அதுவும் என் தப்புத்தான்.

வண்டியை ஆறவிட்டு, குச்சிக் குழாயில் மெல்லிய ரப்பர் டியூபை இறக்கி, 60 மில்லி சிரிஞ்சால் இழுத்தோம். பத்து இழுப்பு இழுத்து, ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தோம், இன்னும் மேலே. அப்புறம் ஐந்து இழுப்பு. மொத்தம் 900 மில்லி, ஒரு தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசிக்கும் மேலே நின்றது. திரும்பி வரும்போது கியர் வெண்ணெயாக மாறியது.

ஆனாலும் அந்த ஆயிலின் நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது. ஸயா சொல்லி அடுத்த மாதமே 3 லிட்டர் வடித்து, வடிந்ததை அளந்து, அதே அளவு புதிதாக ஊற்றினோம். இந்த முறை டீக்கடைக்குப் போகவில்லை. 14 மாதம் ஆகிறது, ஏப்ரல் வெயிலில் மூட்டை ஏற்றி இழுத்தும் வழுக்கவில்லை.

அந்தப் புது டின்னில் மிஞ்சிய ஒரு லிட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. "எதுக்கு மாமா சும்மா வைக்கிறீங்க, ஊத்திடுங்க" என்கிறான் மச்சான்.