லிப்போவா, நிக்கலா? ஓட்டம் முடிந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும்

ரிமோட்டில் ஓட்டும், நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மின்சார ரேஸ் காருக்குப் பேட்டரி வாங்குபவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது: ஆறு செல்கள் கொண்ட 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேக், அல்லது இரண்டு செல்கள் கொண்ட 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேக். எடையிலும் வேகத்திலும் லிப்போ முந்துகிறது என்பதில் சர்ச்சை இல்லை. நானும் லிப்போவுக்கு மாறியவன்தான், திரும்பிப் போகும் எண்ணமும் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்று வரும்போது பலரும் சார்ஜ் ஏற்றுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஏற்றிய மின்சாரத்தை இறக்குவதுதான் உண்மையில் தலைவலி என்பது என் கருத்து.

ஏற்றும் வேலையை மட்டும் பார்த்தால் லிப்போவே ஒழுங்கானது. செல்லுக்கு 4.2 வோல்ட் வரும்வரை சீரான மின்னோட்டத்தைக் கொடுத்து, அதன் பிறகு வோல்டேஜை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைச் சார்ஜர் படிப்படியாகக் குறைக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் அதற்குக் குழப்பமே இல்லை. நிக்கல் பேக்கிலோ, நிறைந்ததும் வோல்டேஜ் செல்லுக்குச் சில மில்லிவோல்ட் மட்டும் இறங்குவதைச் சார்ஜர் கவனித்துப் பிடிக்க வேண்டும். ‘மெதுவாக ஏற்றினால் நல்லது’ என்று ஆம்பியரை மிகவும் குறைத்து வைத்தால் அந்த இறக்கம் மங்கி, சார்ஜர் அதைத் தவறவிட்டு, பேக் கை வைக்க முடியாதபடி சூடாகிவிடும். 5000 மில்லி ஆம்பியர் அவர் பேக்குக்கு 5 ஆம்பியர் என்பது இரண்டுக்குமே பொருந்தும் அளவு.

தவறு நடந்தால் விளைவு வேறு என்பதை மறுக்க முடியாது. நிக்கல் பேக் பெரும்பாலும் சூடாகி வாயுவைக் கக்குவதோடு நிற்கும், லிப்போ தீப்பிடிக்கும். லிப்போவை நிக்கல் மோடில் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அந்த மோடுக்கு 4.2 வோல்ட் என்ற உச்சவரம்பே தெரியாது. ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சார்ஜர் தனித்தனியாகப் பார்க்க உதவும் பேலன்ஸ் வயரைச் செருகாமல் ஏற்றுவதும் அப்படித்தான்: மொத்தம் 8.40 வோல்ட் என்று திரை சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு செல் 4.10லும் மற்றது 4.30லும் இருக்கக்கூடும். அருகில் ஆள் இல்லாமல் ஏற்றக் கூடாது, ஓடி வந்த சூட்டோடு ஏற்றக் கூடாது, உப்பிய பேக்கை ஏற்றவே கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். லிப்போ பேக் ஓய்வில் இருக்கும்போது செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இருக்க வேண்டும். முழுதாக ஏற்றிய பேக்கை வாரக்கணக்கில் அலமாரியில் விட்டால், அதுவும் நம் ஊர்க் கோடையில், உள்ளே வாயு சேர்ந்து உப்பத் தொடங்கும். முழுதாகக் காலி செய்து விட்டாலோ 3 வோல்டுக்குக் கீழே போய், மறுபடி ஏற்றுவதே ஆபத்தாகிவிடும். பேக்கை இந்த ஓய்வு அளவுக்குக் கொண்டுவரத்தான் சார்ஜரில் ஸ்டோரேஜ் மோட் இருக்கிறதே என்பீர்கள். சார்ஜர் பெட்டியில் ஏற்றும் வாட் கொட்டை எழுத்தில் இருக்கும், இறக்கும் வாட்டைப் பொடி எழுத்தில் தேட வேண்டும். மலிவான சார்ஜர்களில் அது 5 வாட் அளவில்தான் இருக்கும். 5000 மில்லி ஆம்பியர் அவர் லிப்போவில் இருப்பது 37 வாட் அவர். அதில் ஏறக்குறைய பாதியை 5 வாட்டில் இறக்க நான்கு மணி நேரத்தை ஒட்டி ஆகும். அவ்வளவு நேரம் யார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்? ஆளில்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள், அல்லது இறக்காமலே வைத்துவிடுகிறார்கள்.

கார் ஹெட்லைட் பல்பை இணைத்து இறக்குபவர்களும் உண்டு. 12 வோல்ட், 55 வாட் பல்பு இந்த வோல்டேஜில் சுமார் 30 வாட் வரை இழுப்பதால் வேலை விரைவாக முடியும். ஆனால் பல்புக்கு நிறுத்தத் தெரியாது. வோல்டேஜ் அலாரம் இல்லாமல் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நான் கடைப்பிடிப்பது வேறு வழி: காரின் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியை, வோல்டேஜ் அதிகம் இறங்குமுன் நிறுத்திவிடும் லிப்போ கட்-ஆஃப்பில் வைத்து, ஏற்றிய பேக் எதையும் மிச்சம் வைக்காமல் காரிலேயே ஓட்டித் தீர்த்து, பேக் ஆறிய பிறகு ஸ்டோரேஜ் அளவு வரை மட்டும் ஏற்றுகிறேன். கீழே இறக்க மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் அதே சார்ஜர், மேலே ஏற்றுவதை அரை மணி நேரத்தை ஒட்டி முடித்துவிடுகிறது.

நிக்கலில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு முறையும் முழுதாகக் காலி செய்ய வேண்டும் என்ற அறிவுரை பழைய நிக்கல் காட்மியம் காலத்தது. இறக்குவதாக இருந்தால் செல்லுக்கு 0.9 வோல்ட், அதாவது பேக்குக்கு 5.4 வோல்ட் என்ற அளவில் நிறுத்த வேண்டும். அதற்குக் கீழே போனால் பலவீனமான செல் எதிர்த்துருவமாகத் திரும்பிவிடக்கூடும். மாதக்கணக்கில் மறந்துவிட்டாலும் சிலமுறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் தேறிவிடும். எப்போதாவது காரை எடுப்பவருக்கும், சிறுவர்கள் இருக்கும் வீட்டுக்கும் இதைத்தான் சொல்வேன்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற மூன்றாவது வகையை இன்ஜின் காரில் ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கு மின்சாரம் தரும் பேக்காக மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். ஏற்றியபடியே கிடந்தாலும் லிப்போ அளவுக்குக் கெடுவதில்லை, சூட்டையும் அதைவிட நன்றாகத் தாங்குகிறது. இரண்டு செல்லுக்கு 6.6 வோல்ட் மட்டுமே. ரேஸ் மோட்டாருக்கு அது எப்படி இருக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல இயலாது. வாங்குபவர்கள் சார்ஜரில் அதற்கென உள்ள லைஃபே மோடைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் உச்சம் செல்லுக்கு 3.6 வோல்ட்தான், லிப்போ மோடின் 4.2 வோல்ட் அதற்கு அதிகம்.