கேட்டலினா 22: பழைய ஸ்விங் கீலைப் புதுப்பித்துப் பல சீசன் ஓட்டிய அனுபவம்

பழைய கேட்டலினா 22 பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். அடியில் துருப்பிடித்துத் தொங்கும் ஸ்விங் கீலை (படகு கவிழாமல் பிடிக்கும், மடக்கி ஏற்றக்கூடிய இரும்புப் பலகையை) சரிசெய்து வைத்துக்கொள்வதா, அசையாத கீலாக மாற்றிவிடுவதா? நான் ஓட்டுவது அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில். கழற்றிப் புதுப்பித்துத் திரும்ப மாட்டினேன். அதற்கப்புறம் பல சீசன் ஓட்டிவிட்டேன். இன்று கேட்டாலும் இதையேதான் செய்வேன்.

ஃபிராங்க் பட்லரின் கேட்டலினா நிறுவனம் 1969-இல் கட்டத் தொடங்கிய படகு இது. 15,000-க்கும் மேல் விற்றிருக்கிறது. நீளம் 21.5 அடி. ஸ்விங் கீல் சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு, அதாவது படகின் மொத்த எடையில் ஏறக்குறைய கால்பங்கு. இறக்கினால் 5 அடி ஆழம் போகும், ஏற்றினால் 2 அடித் தண்ணீர் போதும். செசபீக்கின் சராசரி ஆழமே 21 அடிதான். அதுவும் நடுவில் ஓடும் ஆழமான வாய்க்கால் கூட்டிக் காட்டும் கணக்கு. சாயங்காலம் நங்கூரம் போட ஆசைப்படுகிற ஓடைகளில் மூன்று நான்கு அடித் தண்ணீரும் அதற்குக் கீழே சேறும்தான் இருக்கும். மூன்றரை அடி ஆழம் கேட்கும் நிலைத்த கீலோடு அங்கே நிம்மதியாக நுழைய முடியாது. தவிர, ஸ்விங் மாடலின் அடியில், கீல் மடிந்து அடங்கும் நீளமான பள்ளம் இருக்கிறது. அதை அடைத்து, புதிய கீலின் சுமையைத் தாங்கும்படி உள்ளே ஃபைபர்கிளாஸ் கட்டி எழுப்புவது பெரிய வேலை. அத்தனையும் செய்தபின் ட்ரெய்லரிலிருந்து சாய்தளத்தில் இறக்கும் வசதியும் கெட்டுவிடும்.

சரி, புதுப்பிப்பு எப்படி என்றால், படகைப் பட்டைகளில் தூக்கி, கீலுக்கு அடியில் மரத்தொட்டில் வைத்துத் தாங்கிக்கொண்ட பிறகே அடித்தளத்தில் கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் கைவைக்க வேண்டும். என்னுடையதில் கீல் சுழலும் அச்சாணியான பின் (pin) தேய்ந்திருந்ததைவிட, கீலிலிருந்த துளை நீள்வட்டமாகியிருந்ததுதான் கவலை தந்தது. உப்புத் தண்ணீரில் வெண்கலமும் இரும்பும் ஒட்டி இருந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். பட்டறையில் துளையைப் பெரிதாகக் குடைந்து புஷ் (உள்வளையம்) போட்டுக்கொண்டேன். ஒரு அங்குலப் பின், அதைப் பிடிக்கும் வெண்கல வார்ப்புகள், கீலை ஏற்றி இறக்கும் கேபிள் எல்லாம் கேட்டலினா படகுகளுக்கென்றே உதிரிபாகம் விற்கும் கேட்டலினா டைரக்டில் கிடைக்கின்றன.

துரு பாளம் பாளமாகப் பெயர்ந்தது. மணல் வீச்சில் வெள்ளி நிறத்துக்கு வந்த வார்ப்பிரும்பு, இந்தப் பக்கத்துக் கோடை ஈரத்தில் சில மணி நேரத்திலேயே பழுப்பேறத் தொடங்கும். அதனால் காலையில் மணல் வீச்சு, அன்றே எபாக்ஸியில் (இறுகிக் கெட்டியாகும் பிசினில்) முதல் பூச்சு என்று நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்தேன். அப்புறம் குழிகளுக்கு எபாக்ஸி நிரப்பி, தேய்த்து, மறுபடி பூச்சு. பார்க்கப் பார்க்க இன்னும் வழவழப்பாக்கலாம் என்று கை துறுதுறுக்கும். ஆனால் கீல் அந்தப் பள்ளத்துக்குள் மடிந்து போயாக வேண்டும். பள்ளத்தின் அகலத்தை ஓரிரு இடத்தில் அளந்தால் போதாது. அது ஒரே சீராக இருப்பதில்லை. மிகக் குறுகிய இடத்தை அளந்து, அதைவிடச் சற்றுக் குறைவான வாய் வைத்து ப்ளைவுட்டில் ஒரு கவை வெட்டினேன். ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் அதைக் கீலின் நீளம் முழுக்க ஓட்டிப் பார்ப்பேன். தட்டுகிற இடத்தில் பென்சில் குறி, உடனே உப்புத்தாள். இதில் அவசரமே கூடாது.

ஓட்டத்தில் என்ன மாறியது? முன்பு அலையில் நின்றாலே கீல் பள்ளத்தின் சுவரில் இடித்து ‘டங் டங்’ என்று தூக்கத்தைக் கெடுக்கும். பின்னுக்கு இருபுறமும் வாஷர் போட்டு இடைவெளியைக் குறைத்ததும் அது நின்றது. வாஷர் தேயத் தேய லேசாகத் திரும்பி வருகிறது. அது மறுபடி மாற்றச் சொல்லும் அறிகுறி. திரும்பும்போது படகு முன்னைவிடத் தயங்காமல் வருகிறது. காற்றுக்கு எதிராக ஏறும் கோணத்தில் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. நல்ல வேகம் பிடித்தால் இறங்கிய கேபிள் அதிர்ந்து, வண்டு முரல்வதுபோல் கேபின் முழுக்க ஒலிக்கும். கேபிளின் இறுக்கத்தைக் கொஞ்சம் மாற்றினால் அடங்கிவிடும்.

துரு திரும்ப எட்டிப் பார்த்த இடங்கள் கீலின் முன் விளிம்பும் கேபிள் மாட்டும் கண்போல்ட்டின் சுற்றும்தான். தண்ணீரிலிருந்து தூக்கும் ஒவ்வொரு முறையும் அங்கே சுரண்டி எபாக்ஸி வைக்கிறேன். பாசி தடுக்கும் பெயின்டில் செம்பு இருப்பதால், கீழே எபாக்ஸி விட்டுப்போன இடத்தில் அதைப் பூசினால் இரும்பை இன்னும் வேகமாக அரிக்கும். படகு நிறுத்தி வைத்திருக்கும்போதும் அவ்வப்போது கீலை ஏற்றி இறக்குங்கள். இல்லையென்றால் பள்ளத்துக்குள் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) பிடித்து இறங்க மறுக்கும்.

கேபிள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் குறித்த காலத்தில் மாற்றிவிடுகிறேன். அறுந்தால் 250 கிலோ இரும்பு ஒரே வீச்சில் விழும். கேபிள் படகுக்குள் நுழையும் இடத்தில் உள்ள ரப்பர்க் குழாயையும் கிளாம்புகளையும் கூடவே மாற்றுங்கள். அது நழுவினால் தண்ணீர் நேராக உள்ளே வரும். கீலைப் பூட்டும் போல்ட் விஷயத்தில் என் வழக்கம் இது: திறந்த நீரில் காற்று பலமாக இருந்தால் பூட்டுவேன், ஆழமில்லாத பக்கம் வந்ததும் தளர்த்திவிடுவேன். பூட்டிய கீல் தரையில் மோதினால் மடங்காது, அடி நேராகப் பள்ளத்தின் சுவருக்குப் போகும்.

பழைய கேட்டலினா 22 வாங்கப் போகிறவர்கள், ட்ரெய்லரில் கீல் மடிந்திருக்கும்போது பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பட்டையில் தூக்கச் சொல்லி, கீலைக் கொஞ்சம் இறக்கி, படகுக்கு அடியில் போகாமல் பக்கவாட்டில் நின்று அதன் நுனியைத் தள்ளிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் பின்னும் வாஷரும் துளையும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன வேலை முழுவதற்கும் ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். தூக்கிக் காட்டவே விற்பவர் மறுத்தால் வேறு படகு பாருங்கள்.