எட்டு வருடப் பியோனி: மழையைத் தவிர வேறு புகார் இல்லை

நேற்று இரவு மழை. காலையில் போய்ப் பார்த்தால் 11 பூக்கள் முகம் குப்புற மண்ணில் கிடக்கின்றன. அந்த மனநிலையோடு உள்ளே வந்தபோதுதான் தோழியின் செய்தி: "உன் தோட்டத்தில் இருக்கிற அதே பியோனியை நானும் நடலாமா?" அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது.

என்னிடம் இருப்பது சாரா பெர்னார்ட் என்கிற பியோனி. 1906-இல் பிரான்ஸின் லெமுவான் பண்ணை வெளியிட்ட, இளஞ்சிவப்பு அடுக்குப் பூ ரகம். நல்ல வெயில், நீர் தேங்காத மண், குளிர்காலத்தில் உண்மையான குளிர், இலையுதிர்காலத்தில் நடவு என்பதெல்லாம் பியோனி நட நினைக்கிற எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

செடியின் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த எட்டு வருடத்தில் ஒரு முறைகூட மருந்து அடித்ததில்லை. மொட்டுகளில் எறும்பு மொய்த்தபோது பயந்தேன். மொட்டின் மேல் கசியும் தேனுக்காக வருகின்றன, அவ்வளவுதான். கெடுதலும் இல்லை, அவை வந்தால்தான் பூ விரியும் என்பதும் இல்லை. முதல் இரண்டு வருடம் இலை மட்டும், மூன்றாம் வருடம் ஒரே ஒரு பூ. அது செடியின் இயல்பு, குறை சொல்ல மாட்டேன். நான்காம் வருடம் பூக்காமல் போனது என் தவறால். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தூரின் மேல் மூடாக்கைக் குவித்திருந்தேன். கிழங்கின் கண்கள், அதாவது குருத்து கிளம்பும் முளைகள், மண்ணுக்குக் கீழே 5 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. குவித்த மூடாக்கும் அந்த ஆழத்தோடு சேர்ந்துவிடும். அடுத்த முறை தூரின் மேல் எதையும் போடவில்லை. அந்த வசந்தத்தில் சிவந்த குருத்துகள் மண்ணைப் பிளந்துகொண்டு வந்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் அந்தத் தண்டு! இவ்வளவு பெரிய பூவைத் தாங்க இவ்வளவு மெல்லிய தண்டா? அடுக்குக்குள் அடுக்காக இதழ். மழை பெய்தால் ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் நிற்கும். பஞ்சு நனைந்த மாதிரி கனத்து, தலை தாழ்ந்து, கடைசியில் படுத்துவிடும். முட்டுக்கொடுக்காமல் இல்லை. குருத்து ஒரு சாண் உயரம் வந்ததுமே வளையம் வைத்துவிடுவேன். பூ வளையத்தின் விளிம்பில் சாய்கிறது, அந்த இடத்திலேயே தண்டு ஒடிகிறது. பக்க மொட்டுகளைக் கிள்ளிப் பார்த்தேன். சத்தெல்லாம் நடு மொட்டுக்குப் போய்ப் பூ இன்னும் பெரிதானது, கனமும் கூடியது. மறு வருடம் நடு மொட்டைக் கிள்ளிப் பக்க மொட்டுகளை விட்டேன். சிறிய பூக்கள், ஓரளவு நின்றன. ஆனால் சின்னப் பூவுக்காகவா இதை நட்டேன்? தண்டு உறுதியாகட்டும் என்று தழைச்சத்து உரத்தையும் நிறுத்திப் பார்த்தாயிற்று.

ஒரு பூ நிற்பதே ஏழெட்டு நாள். வருடம் முழுக்கக் காத்திருந்து, அந்த நாட்களில் ஒரு மழை வந்துவிட்டால் என்ன மிஞ்சும்? இன்று முழுக்க நனைந்த இதழ்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். அப்படியே விட்டால் சாம்பல் நிறப் பூஞ்சாணம் பிடிக்கும், மிச்ச மொட்டும் கருகும்.

ஜாடியில் வைத்தால் இதற்கு ஈடு கிடையாது, அதையும் சொல்ல வேண்டும். மொட்டில் நிறம் தெரிந்து, விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கிற பதத்தில் வெட்டி, தண்ணீரில் வைக்காமல் காகிதத்தில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பழங்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. எடுத்துத் தண்டின் நுனியை நறுக்கி ஜாடியில் வைத்ததும் விரிய ஆரம்பிக்கும். வாசனை அறை முழுக்க நிற்கும்.

ஆகவே தோழிக்கு என் பதில்: இதை நடாதே. பூ செடியில் நிற்பதைப் பார்க்க ஆசை என்றால் ஒற்றை அடுக்கு ரகம் நடு. இல்லையென்றால் இட்டோ வகை. ஜப்பானில் டோயிச்சி இட்டோ மரப் பியோனியையும் சாதாரணப் பியோனியையும் மகரந்தம் சேர்த்து உருவாக்கிய கலப்பினம் அது. தண்டு உறுதியானது, முட்டு பெரும்பாலும் வேண்டியிருக்காது.

என் செடியைத் தோண்டி எடுக்கப் போகிறாயா என்று அவள் அடுத்துக் கேட்பாள். மாட்டேன். இந்தத் தூருக்கு இன்னும் ஐம்பது வருடம் ஆயுள் இருக்கலாம். செடியில் மூன்று மொட்டுகள் மிச்சம் இருக்கின்றன. இரவு மறுபடி மழை என்கிறார்கள். இருட்டுவதற்குள் அந்த மூன்றையும் வெட்டிவிட வேண்டும்.