கனடாவுக்கு எஃப்-35 பொருந்துமா, கிரிப்பன் பொருந்துமா?

2025 மார்ச்சில் பொறுப்பேற்ற கனடாப் பிரதமர் மார்க் கார்னியின் அரசு, 88 அமெரிக்க எஃப்-35 போர் விமானங்களை வாங்கும் முடிவை மறுஆய்வுக்கு உட்படுத்தியது. ஜூனில், நேட்டோ ராணுவக் கூட்டணியின் பாதுகாப்புச் செலவு இலக்கை (மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம்) அதே நிதியாண்டில் எட்டுவதாகவும் அறிவித்தது. இந்த மறுஆய்வால், முந்தைய தேர்வுப் போட்டியில் எஃப்-35இடம் தோற்ற சுவீடனின் கிரிப்பன் போர் விமானம் மீண்டும் பேசப்படுகிறது.

செலவு: எஃப்-35 திட்ட மதிப்பீடு 19 பில்லியன் கனடிய டாலரிலிருந்து 27.7 பில்லியனாக உயர்ந்ததைத் தலைமைத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார்.
கிரிப்பனை இயக்கும் செலவு குறைவு; ஆனால் இருவகை விமானங்களை வைத்திருந்தால் பயிற்சி, உதிரிபாகங்கள் என எல்லாமே இரண்டாகும்.

திறன்: எதிரியின் ரேடாரில் எளிதில் சிக்காத எஃப்-35 இதில் தெளிவாக முந்துகிறது.

பராமரிப்பு: எஃப்-35க்காக கோல்ட் லேக், பாகோட்வில் விமானப்படைத் தளங்களில் புதிய கட்டடங்கள் தேவை.
கிரிப்பனோ நெடுஞ்சாலையிலேயே இறங்கி, சிறு குழுவின் கையால் எரிபொருளும் ஏவுகணையும் ஏற்றிக்கொண்டு மீண்டும் புறப்படும்.

சார்பு: எஃப்-35இன் மென்பொருள் மேம்பாடு அமெரிக்காவின் கையில் இருப்பது உண்மையிலேயே கவலைக்குரியது.
கிரிப்பன்-ஈ விமானத்தின் எஞ்சினும் அமெரிக்கத் தயாரிப்புதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூட்டணிப் போர்களே முதன்மை என்றால் எஃப்-35தான் பொருத்தம். ஆர்க்டிக் வான்காவலும் உள்நாட்டு வேலைவாய்ப்பும் முக்கியம் என்றால் கிரிப்பனைப் பரிசீலிக்கலாம். முதல் 16 எஃப்-35 விமானங்களுக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கப்பட்டுவிட்டதால், முழு விலகல் விவேகமானதாக எனக்குப் படவில்லை.