டிஸ்லெக்சியா பிள்ளைக்கு எந்த மாநிலம்: டெக்சஸா, கலிபோர்னியாவா, மிசிசிப்பியா?

அமெரிக்காவில் டல்லாஸ் (டெக்சஸ்) வேலையா, பே ஏரியா (கலிபோர்னியா) வேலையா என்று யோசிக்கும் நம்மவர்கள், பிள்ளைக்கு டிஸ்லெக்சியா (எழுத்தையும் ஒலியையும் இணைத்து வாசிப்பதில் சிரமம்) இருந்தால் முதலில் விசாரிப்பது அங்கே பள்ளியில் அதற்கான பரிசோதனை கட்டாயமா என்பதைத்தான். என்னைக் கேட்டால், பரிசோதனை முடிந்த மறுநாள் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதை விசாரிக்க வேண்டும்.

டெக்சஸ் இதில் மூத்த மாநிலம். 1985-லேயே டிஸ்லெக்சியாவுக்கான சட்டம் வந்துவிட்டது. 2017 முதல் கிண்டர்கார்டனிலும் ஒன்றாம் வகுப்பிலும் பரிசோதனை கட்டாயம். ஆனால் சிறப்புக் கல்வி மாணவர்கள் 8.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2004-இலிருந்தே மாநிலக் கல்வித்துறை மறைமுகமாக ஒரு கோடு போட்டிருந்தது. 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் அதை அம்பலப்படுத்தியது. அதுவரை பல பிள்ளைகளுக்குக் கிடைத்தது, வகுப்பில் சில சலுகைகள் தரும் 504 திட்டம்தான். சிறப்புக் கல்விச் சட்டத்தின்கீழ் பிள்ளைக்கென்றே எழுதப்படும் தனிக் கல்வித் திட்டமான ஐஇபி அளவுக்குப் பாதுகாப்பு அதில் இல்லை. 2023-இல்தான் டிஸ்லெக்சியா மதிப்பீட்டைச் சிறப்புக் கல்விச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். ஆசிரியர் பயிற்சியில் மட்டும் குறை சொல்ல மாட்டேன்: மூன்றாம் வகுப்பு வரையுள்ள ஆசிரியர்களோடு பள்ளி முதல்வர்களும் 'ரீடிங் அகாடமி' என்ற வாசிப்புக் கற்பித்தல் பயிற்சியை முடிக்க வேண்டும் என்கிறது 2019 சட்டம்.

கலிபோர்னியாவில் ஆளுநர் நியூசமுக்கே டிஸ்லெக்சியா உண்டு. இருந்தும், இரண்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் பரிசோதனை என்பது 2025-26 கல்வியாண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலம் இப்போதுதான் கற்கும் பிள்ளைகளைத் தவறாக முத்திரை குத்திவிடுவோம் என்று ஆசிரியர் சங்கம் நெடுநாள் எதிர்த்தது. அது வெறும் சாக்கு அல்ல. "'ஸ்டாப்' என்பதில் 'ஸ்' இல்லாமல் சொல்லு" என்றதும் வீட்டில் ஸ்பானிஷோ தமிழோ பேசும் குழந்தை விழித்தால், காரணம் மொழியா, டிஸ்லெக்சியாவா? பழகிய ஆசிரியரால்தான் பிரித்துப் பார்க்க முடியும். அங்கேதான் ஓட்டை: வாசிப்புக் கற்பித்தல் பயிற்சி பற்றிய 2021 சட்டம் புதிதாகப் பயிற்சிக் கல்லூரி முடிப்பவர்களைத்தான் பிடிக்கிறது, ஏற்கெனவே வகுப்பில் இருப்பவர்களுக்குக் கட்டாயமில்லை.

என் ஓட்டு மிசிசிப்பிக்கு. ஏழை மாநிலம்தான். ஆனால் தொடக்க வகுப்பு வாசிப்புக்கான 2013 சட்டத்துக்குப் பிறகு, பணியில் இருந்த ஆசிரியர்களுக்கே ஒலி-எழுத்துப் பயிற்சி கொடுத்து, பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்களையும் அனுப்பியது. தேசியத் தேர்வில் நான்காம் வகுப்பு வாசிப்பில் 2013-இல் கடைசி வரிசையில் இருந்த மாநிலம், 2024-இல் தேசியச் சராசரியைத் தாண்டியது. மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறுவோரை அதே வகுப்பில் நிறுத்திவைப்பதும் அதே சட்டம்தான். அந்தக் கண்டிப்பு எனக்கு உவப்பில்லை.

மற்ற மாநிலங்களில் நியூஜெர்சி ஆசிரியர்களிடம் ஆண்டுக்கு 2 மணி நேரப் பயிற்சி கேட்கிறது, ஒஹாயோ மொத்தம் 18 மணி. இரண்டு மணி நேரத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து மட்டும்தான் போடலாம்.