அம்மாவின் மறதியை அளந்த இடம்: இராமநாதபுரத்து நினைவாற்றல் கிளினிக்

மண்டபத்தில் கருவாட்டு வியாபாரம் செய்து ஓய்ந்த என் தாயாருக்கு 76 வயதாகிறது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் அல்லர். சென்ற ஆண்டு வேறோர் ஊரில் 30 மதிப்பெண் சோதனை ஒன்றை வைத்து, 11 தான் வந்தது, மறதிநோய் நடுக்கட்டத்தைத் தாண்டுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 1975-இல் அமெரிக்காவில் வெளியான அச்சோதனையில் ஒரு வாக்கியம் எழுத வேண்டும், பின்னிக்கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும், நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். பென்சில் பிடித்தறியாதவரிடம் இதில் எவ்வளவு மறதி, எவ்வளவு படிப்பின்மை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இந்தக் கிளினிக்கில் அம்மாவுடன் ஒரே வீட்டில் இருக்கும் அண்ணியைத்தான் முதலில் தனியே அமர்த்தி முக்கால் மணி நேரம் விசாரித்தார்கள். மறதிநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அளக்க, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான சி.டி.ஆர். என்னும் அளவுமுறை இது. நினைவு, காலமும் இடமும் அறிதல், முடிவெடுத்தல், வெளிப்புழக்கம், வீட்டு வேலையும் விருப்பங்களும், தன்னைப் பேணுதல் ஆகிய ஆறையும் தனித்தனியே பார்த்து, நினைவுக்கு முதன்மை தந்து, 0 (குறையில்லை) முதல் 3 (கடுமை) வரை ஒரு நிலையைக் குறிக்கிறார்கள். நடுவே ஐயத்துக்குரிய நிலைக்கென 0.5-உம் உண்டு. முந்தைய வாரம் உச்சிப்புளியில் நடந்த காதுகுத்தைப் பற்றி அண்ணியிடம் கேட்டறிந்த மருத்துவர், பிறகு அதையே அம்மாவிடம் கேட்டார். விருந்து சாப்பிட்டது நினைவிருந்தது. யார் வீட்டுப் பிள்ளைக்கு என்பது இல்லை. "இப்ப என்ன காலம்மா?" என்றதற்கு மட்டும் தயங்காமல், "கச்சான் அடங்கிருச்சு, வாடை எடுக்கப் போகுது, வள்ளத்தையெல்லாம் தென்கடலுக்கு மாத்திருவாங்க" என்றார். கச்சான் என்பது மேல்காற்று, வாடை என்பது வடகாற்று. அக்டோபர் மாதத்துக்கு அதைவிடச் சரியான விடை எங்கள் கரையில் கிடையாது. மருத்துவரும் அதைச் சரியென்றே குறித்துக்கொண்டார்.

முடிவு 1, அதாவது லேசான நிலை. தன்னைப் பேணுதலில் 0. மறதியைக் கூட்டும் வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்: காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார்கள், வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதனைகளுக்கு எழுதிக் கொடுத்தார்கள், மனச்சோர்வு உண்டா என்றும் தனியே விசாரித்தார்கள். முன்பு சோதித்த இடத்தில் இவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை.

குறைகளும் உண்டு. சோதனை அறை சாலையை ஒட்டியிருப்பதால் பேருந்து ஹாரன் அடிக்கும்போதெல்லாம் அம்மா கேள்வியைத் தவறவிட்டார். அறிக்கை ஆங்கிலத்தில் ஒரே தாளில் வருகிறது. ஆறு பிரிவுகளுக்குமான அளவைக் காட்டும் தாளை இரண்டு முறை கேட்ட பிறகே கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து எது சரிந்திருக்கிறது என்று ஒப்பிட அந்தத் தாள்தான் வேண்டும் என்பதால் கேட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். காலை நேரத்துக்கு முன்பதிவு செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த பிள்ளையை விட, அன்றாடம் சோறு போடுபவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நான் போயிருந்தும் பாதிக் கேள்விகளுக்கு எனக்கு விடை தெரியவில்லை.