மலை லேபுக்கு எது சரி: ஐஸ் பெட்டியா, கார்ட்ரிட்ஜா, சிப்பா?

கூடலூர்ப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையின் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. நாடுகாணி வழியாக இறங்கினால் மலப்புரம், மேற்கே வயநாடு, முதுமலையைத் தாண்டினால் பந்திப்பூர். டிசம்பரிலிருந்து மே வரை உண்ணி கடித்து வரும் குரங்குக் காய்ச்சல் கவலை, மே தொடங்கி செப்டம்பர் வரை நிபா கவலை, மழைக்குப் பின் டெங்கு. வைரஸைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்யலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது மூன்று வழிகள் இருந்தன. பழையபடி சாம்பிளை ஐஸ் பெட்டியில் மலையிறக்கிப் பெரிய லேபுக்கு அனுப்பலாம். கிருமியை அதன் மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் மிஷின்களில், கார்ட்ரிட்ஜில் ஓடும் ஜீன்எக்ஸ்பர்ட் வாங்கலாம். சிப்பில் ஓடும் ட்ரூநாட் வாங்கலாம். நாங்கள் வாங்கியது ட்ரூநாட். இன்று கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

ஐஸ் பெட்டிக்குச் செலவு குறைவு, பெரிய லேபின் ரிப்போர்ட்டுக்கு மதிப்பும் அதிகம். தாமதம்தான் அதன் குறை என்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது முதல் நோயாளி மே 5 அன்று இறந்தார். நோய் நிபாதான் என்று புனே வைராலஜி நிறுவனம் உறுதி செய்தது மே 20 வாக்கில். மொத்தம் 17 பேர் இறந்தார்கள். இடைப்பட்ட இரண்டு வாரத்தில் சாம்பிள் பயணத்துக்குப் போன நேரம் கொஞ்சம்தான். சந்தேகம் வந்து அனுப்பியதும் மணிப்பால் லேப் வேகமாகவே கண்டுபிடித்துவிட்டது. சந்தேகம் வராமல் போன நாட்கள்தான் அதிகம். ரிப்போர்ட் வர நான்கு நாள் ஆகும் என்றால், சாதாரணக் காய்ச்சலுக்கு டெஸ்ட் எழுத எந்த டாக்டருக்கும் மனம் வராது. மாலைக்குள் வந்துவிடும் என்றால் எழுதுவார். எங்கள் லேபில் மிஷின் வந்த பிறகு மாறியது முதலில் இந்தப் பழக்கம்தான்.

அடுத்தது ஜீன்எக்ஸ்பர்ட். வேலை சுலபம் என்று பார்த்தால் அதுதான் மேல். சாம்பிளைக் கார்ட்ரிட்ஜில் ஊற்றி மூடி உள்ளே வைத்தால் போதும், மற்றதெல்லாம் அதுவே செய்துகொள்ளும். ட்ரூநாட்டில் இரண்டு பெட்டிகள்: ஒன்று மரபணுவைப் பிரித்தெடுக்கும், மற்றது அதைப் பல மடங்காகப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனையை ஓட்டும். நடுவில் ஆறு மைக்ரோலிட்டரை பைப்பெட்டில் எடுத்துச் சிப்பில் விடுவது நம் கை. ஆரம்பத்தில் எங்கள் ஆட்கள் இதில் நிறையத் தடுமாறினார்கள், செல்லாத ரிசல்ட் பல வந்தது. கை பழக ஒரு மாதம் பிடித்தது. பயிற்சி பெற்றவர் அடிக்கடி மாறிப்போகும் லேப் என்றால் கார்ட்ரிட்ஜையே யோசியுங்கள்.

எங்களுக்கு முடிவைத் தந்தது கரண்ட். ஆனி, ஆடியில் இங்கே காற்றடித்து ஒரு மரம் விழுந்தால் லைன் வர ஒரு நாள் ஆகலாம். நாங்கள் பார்த்த, ஒரே நேரத்தில் நான்கு கார்ட்ரிட்ஜ் ஓட்டும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு விடாத மின்சாரம் வேண்டும், கூடவே ஒரு கம்ப்யூட்டர். அறை 30 டிகிரிக்குள், கார்ட்ரிட்ஜ் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அப்படியென்றால் ஏசி, அதைத் தாங்கும் ஜெனரேட்டர், பெரிய யூபிஎஸ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை யூபிஎஸ் பேட்டரி. மிஷினை நன்கொடையாகத் தர ஆள் கிடைப்பார். டீசலுக்கும் பேட்டரிக்கும் யாரும் தர மாட்டார்கள். ட்ரூநாட்டின் இரண்டு பெட்டிகளும் உள்ளேயே பேட்டரி வைத்தவை. 40 டிகிரி வரை ஓடும், சிப்பை 30 டிகிரி வரை வைக்கலாம். போன ஆடியில் கரண்ட் இல்லாத நாளிலும் ஓட்டினோம். ஒரு மணி நேரத்தில் ரிசல்ட்.

இதிலும் பராமரிப்பு உண்டு. வேலை இல்லாத வாரமும் சார்ஜ் ஏற்றி ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். மிஷின் சரியாக அளக்கிறதா என்று பார்த்துத் திருத்தும் வருடாந்திரக் காலிப்ரேஷன் ஜீன்எக்ஸ்பர்ட், ட்ரூநாட் இரண்டுக்குமே தப்பாது. ஒவ்வொரு நோய்க்கும் தனிச் சிப் என்பதால், கண்டதையெல்லாம் வாங்கி அடுக்கினால் தேதி முடிந்து வீணாகும். நாங்களே ஒரு பெட்டிச் சிப்பை அப்படி இழந்தோம். இப்போது வருடம் முழுக்க டெங்கு, மற்றவை சீசன் பார்த்து.

நோயைப் பின்தொடர்வதும் இந்த வேகத்தில்தான் நிற்கிறது. நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள்: களப்பணியாளர் அறிகுறியைப் பதிகிறார், டாக்டர் சந்தேகத்தை, லேப் முடிவை. முடிவு அன்றே பதிவானால்தான் மற்ற இரண்டுக்கும் உயிர். ஒரு எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் மூன்று வீட்டில் காய்ச்சல், மூன்றும் டெங்கு என்று மாலையில் பதிந்தோம். மறுநாள் காலை கொசு ஒழிப்பு ஆட்கள் தண்ணீர்த் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

கையில் வைக்கும் அளவு மினயான் என்ற சீக்வென்சர், அதாவது வைரஸின் மரபணுவை முழுதாகப் படிக்கும் கருவி பற்றியும் கேட்கிறார்கள். 2015இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான கினியில் எபோலா சாம்பிள்கள் 142ஐ அதில் படித்து, யாரிடமிருந்து யாருக்குப் பரவியது என்று தேடினார்கள். நான் அதை ஓட்டியதில்லை. முதலில் நோயைக் கண்டுபிடிக்க வழி செய்த பிறகு யோசிக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

குரங்குக் காய்ச்சலுக்கு ட்ரூநாட் சோதனையைப் புனே நிறுவனம் உருவாக்கி மதிப்பிட்டிருக்கிறது. அந்தச் சிப்பை நான் இன்னும் ஓட்டாததால் அதைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். நிபாவுக்கு 2023இல் கேரளத்தில் ட்ரூநாட் அனுமதிக்கப்பட்டது. ஆனால் எங்கள் அளவு பாதுகாப்பு உள்ள லேப் நிபா சாம்பிளைத் திறக்கக் கூடாது என்பதில் நான் உறுதி. மூளைக்காய்ச்சலோடு மூச்சுத்திணறலும் சேர்ந்து ஒருவர் வந்தால் தனி அறை, மாவட்ட அலுவலகத்துக்கு போன், மூன்றடுக்குப் பொதியில் சாம்பிள் பெரிய லேபுக்கு. அதற்காகப் பழைய ஐஸ் பெட்டியையும் கழுவித் தயாராக வைத்திருக்கிறோம்.